காணாமல் போன இகரம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்த எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு என் வேலைமேல் நம்பிக்கை வரவே இல்லை. "உக்காந்தே இருக்கதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்குறான்னா, அதுல என்னமோ இருக்கு. பாத்துக்க" என்பார்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதி எங்களிடம் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தார். வெளிநாட்டில் இருந்த அவருடைய மருமகன் அதை இணையத்தில் போட ஆசைப்பட்டான். ஆர்டிஎஃப் கோப்புகளாக வைத்திருந்த அத்தியாயங்களை இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல் ஆக்க வேண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் அதற்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் எல்லாம் மாறிவிடும்.

"மவுஸத் தொடாம என்னடா பண்ற? வைரஸ் கிரஸ் ஏத்திராத" என்றார் முதலாளி.

மாறி வந்ததை நான் படித்துப் பார்க்கும் முன்பே முதலாளி முதல் பக்கத்தை அச்செடுத்து ஆசிரியரிடம் நீட்டிவிட்டார். தலைப்பிலேயே ஆசிரியரின் பென்சில் நின்றுவிட்டது. 'இராயப்பர் கோயில் வரலாறு' என்று அவர் எழுதியிருந்தார். தாளில் 'ராயப்பர்' என்று இருந்தது.

"என் இகரத்த எடுத்தது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகைகளில் நான் ஒற்றுப்பிழை திருத்துவது அவருக்குத் தெரியும். "படிச்ச திமிரு ஐயா. கேக்காமயே திருத்துவான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஐயாகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லைன்னா நாளைலருந்து வராத."

"நான் எடுக்கலண்ணே."

"பின்ன, மெஷினு தொல்காப்பியம் படிச்சிருக்கா?" என்றார் ஆசிரியர்.

மூலக் கோப்பைத் திறந்து காட்டினேன். இகரம் அப்படியே இருந்தது. அவர் அசரவில்லை.

"நகல்ல எடுத்திருப்ப."

"ஐயா, நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடியே மாத்துறேன்."

பென்சிலால் என்னைக் காட்டினார். "இன்று இங்கே இருப்பவன் இவன்."

அடித்தேன். சேமித்தேன். கட்டளையைக் கொடுத்துத் திறந்தால், 'ன்று ங்கே ருப்பவன் வன்' என்று வந்தது. அதை வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். கையிலிருந்த தாளையும் ஒரு தரம் பார்த்தார்.

"அகரம் போகல, ஆகாரம் போகல. இதுமேல மட்டும் என்ன கோவம்?"

கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். எங்கள் எழுத்துருவில் இகரம் உட்கார்ந்திருந்த எண், ஆங்கிலத்தில் ஒரு கோட்டுக்கு உரியது. வரிக் கடைசியில் சொல்லை உடைத்தால் மட்டும் தெரியும், மற்ற நேரம் மறைந்திருக்கும் கோடு. நிரல் இகரத்தை அந்தக் கோடு என்று நினைத்துத் தூக்கிவிட்டது. இதைத்தான் சொன்னேன்.

"இருக்கும், ஆனா தெரியாது. கூட்டம் வர்ற நேரத்துல நீ இருக்க மாதிரி" என்றார் முதலாளி.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "பையன அனுப்பிராதீங்க" என்றார். "ஆனா தனியாவும் விடாதீங்க."

இந்தச் சிக்கலுக்காகவே இகரத்தை வேறு எண்ணுக்கு மாற்றிய புதிய எழுத்துரு வந்திருந்தது. கோப்புகளை அதற்கு மாற்றி மறுபடி கட்டளை கொடுத்தேன். ஆசிரியர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, திரையையும் கையெழுத்துப் பிரதியையும் மாறி மாறிப் பார்த்தார். நடுநடுவே என் விரல்களையும் பார்த்தார். முதல் அத்தியாயம் முடிந்ததும் பிரதியின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார்.

"சரியா இருக்காய்யா?"

"இதுவரைக்கும்" என்றார். "அடுத்தத எடு."