அந்தோணியாரின் காலடியில் ஒரு மஞ்சள் படிவம்

எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதில்லை, என் மனைவியுடையதும் இல்லை. அந்தோணியாருடையது.

நான் பஸ் டிரைவர். அதே டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்களைப் பத்திரப்படுத்தும் அறையில் அவளுக்கு வேலை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, கூரை வரை இரும்பு அலமாரிகள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். பஸ்ஸில் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப்போன மகராசன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

தொலைத்தவர்கள் மஞ்சள் படிவம் நிரப்பித் தரவேண்டும். இவள் அதற்கு ஒரு நகல் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரி மேல் நிற்கும் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைப்பாள். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதராயிற்றே அவர். "இந்தாங்க, இன்னைக்கு மூணு" என்பாள், மேலதிகாரிக்கு ஃபைல் நீட்டுவதுபோல. கிடைத்தால் மெழுகுவத்தி. கிடைக்காவிட்டால் அர்ச்சனைதான். "கோடி அற்புதர்னு பேரு! ஒரு குடையைக் கண்டுபிடிக்க ஒரு வாரமா?" டிப்போவில் அவளுக்குப் பெயரே அந்தோணியாரக்கா.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் கேட்கவே இல்லை. அவளுடைய தம்பியை. ஆறு வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வந்து நின்றவனை, "இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே" என்று இவள்தான் விரட்டினாள். போனவன் போனவன்தான். ஃபோன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான். அதிலிருந்து என் பஸ்ஸில் ஏறுகிற முகத்தையெல்லாம் நான் உற்றுப் பார்க்கிறேன். பாதிப் பேர் முறைக்கிறார்கள்.

"ஊரார் குடைக்கெல்லாம் கேக்குறே, சொந்தத் தம்பிக்குக் கேக்க மாட்டியா?" என்றேன் ஒருநாள்.

"கேட்டு, அவர் கைய விரிச்சுட்டா? அப்புறம் நான் யார்கிட்டப் போவேன்?"



சரி, இவள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மாடியில் துணி காயப்போட, நான் அவள் பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவம் எடுத்தேன். பொருள்: மச்சான். நிறம்: மாநிறம். அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. மதிப்பு என்ற இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் ஒரு கோடு போட்டேன். "ஐயா, நமக்குள்ள அவ்வளவு பழக்கமில்ல. இருந்தாலும் கொஞ்சம் பாருங்க" என்று காலடியில் செருகினேன்.

மத்தியானம் அவள் தூசி தட்டும்போது மாட்டிக்கொண்டேன்.

"என் தம்பி என்ன குடையா? மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

பாத்திரம் கழுவும் சாக்கில் சமையலறைக்குள் நழுவினேன். திட்டு தொடர்ந்தது. திடீரென்று நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, படிவத்தோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"வலது புருவமா? இடது! ஆறாவது படிக்கும்போது கதவுல இடிச்சுக்கிட்டான். அடையாளத்தைத் தப்பாக் கொடுத்தா அவர் எப்படித் தேடுவார்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்துத் திருத்தினாள். கீழே ஏதோ எழுதினாள். காலடியில் வைத்துவிட்டு, வழக்கமான அதட்டல் எதுவுமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஈரக் கையோடு எடுத்துப் படித்தேன். படிவத்தின் கடைசிக் கேள்வி, பொருள் சேதமடைந்திருந்தால் பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்பது. அதற்கு நேராக எழுதியிருந்தாள்:

"குடிச்சிருந்தாலும் பரவாயில்ல. வரச் சொல்லுங்க."