சத்தம் போடாத கடிதம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எங்கள் யாருக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நான் இன்னும் அந்தப் பிரமிப்பிலிருந்து வெளியே வரவில்லை.

பத்மினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், பார்வையில்லாதவர். இந்த றக்வான மலையில் வருஷக்கணக்காகச் சரித்திரம் படிப்பிக்கிறார். அவருடைய அக்கா அனுப்பும் ஈமெயிலைக் கம்ப்யூட்டர்தான் அவருக்கு வாசித்துக் காட்டும். இப்போது காதும் மந்தம். ஹெட்போன் இரைகிறது என்று கழற்றிவிட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டிவிடுவார். அக்காவின் மூட்டுவலி, மருமகனோடு சண்டை... எல்லாம் எங்களுக்கும் தெரியும். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டே கேட்பார். எங்கே பார்ப்பது என்று எங்களுக்கும் தெரியாது.

யாரோ கொடுத்த பழைய பிரெய்ல் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. கம்ப்யூட்டரில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பும். விரலால் தடவி வாசிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருப்பதோ யாரும் திறந்து திருத்தக்கூடிய இலவச இயங்குதளம். அதற்கு இந்தக் கருவியை அடையாளமே தெரியவில்லை. இரண்டையும் பேசவைக்க ஒரு டிரைவர் புரோகிராம் வேண்டும். யார் எழுதுவது?

கொடகவெல பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நித்யா எழுதினாள்! வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. ஒவ்வொரு எண்ணாக அனுப்பி, எந்தப் புள்ளி எழும்புகிறது என்று பார்த்தே மூன்று மாதம் ஓட்டினாள். பிரெய்ல் எழுத்துகளை, டீச்சர் ஊசியால் தாளில் குத்துவதைப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

செவ்வாயன்று கருவியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் பூட்டினாள். டீச்சர் தடவினார். முகம் சுருங்கியது.

"பிள்ளை, இது நான் குத்துற பக்கமெல்லோ. வாசிக்கிறது தாளைத் திருப்பிப் போட்டுத்தான்."

நித்யா தலையில் கைவைத்தாள். "நீங்க குத்துறதப் பாத்தே எழுதிட்டேன் டீச்சர். இடம் வலமா மாறிருச்சு. சரி, கொஞ்சம் பொறுங்க."

பத்து நிமிஷம். புள்ளிகள் மறுபடி எழுந்தன. டீச்சரின் விரல் நகர்ந்தது... நின்றது... நகர்ந்தது.

அந்த இயங்குதளத்தைப் பராமரிப்பவர்களுக்கும் இதை அனுப்பப்போகிறாளாம். அவர்கள் சேர்த்துக்கொண்டால், உலகத்தில் எந்த அலமாரியில் இதே கருவி தூங்கினாலும் எழும்பிவிடும். றக்வான பஸ்ஸில் மூன்று வளைவுக்குள் தலைசுற்றிப் படுத்துவிடும் பெண்ணா இவள்? வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது டீச்சர் தனியாகச் சிரித்தார்.

"அக்கா என்ன எழுதியிருக்காங்க?" பழக்கதோஷம் — சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"அது எனக்கெல்லோ வந்த கடிதம். உங்களுக்கு ஏன் சொல்லவேணும்?"

அக்கா வீட்டு விஷயம் ஒன்று எனக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை — எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, தெரியுமா?