பாட்டை நிறுத்திய அம்மா

தம்பி புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை நேற்று சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நான்தான் ஓட்டினேன். ஸ்டீரியோவில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ராசிபுரம் தாண்டி ரோடு காலியானதும் பாட்டை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜினின் உறுமல் சீட்டு வழியாக முதுகில் ஏறியது. அதே அதிர்வைச் சின்ன வயதில் எங்கள் வாசலில் வெறுங்காலோடு நின்று உணர்ந்திருக்கிறேன்.

அப்போது அப்பா வாங்கியிருந்த பழைய லாரி, இன்ஜின் கெட்டு வாசலிலேயே நின்றுபோனது.

"இது இனிக் கெளம்பாது, இரும்புக்குப் போட்ரு" என்று பெரியப்பா தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் விடவில்லை. தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் அப்பா இன்ஜினைப் பிரிப்பார். அம்மா ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவித் துடைப்பாள். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட டீசல் வாசம் அடித்தது.

மாரியம்மன் நோம்பியன்று காலையில் லாரி கிளம்பிவிட்டது. ஆனால் மைக்செட் பாட்டு அலறியதில் தெருவில் யாருக்குமே இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. அம்மா கிரீஸ் கையோடு விறுவிறுவென்று மைக்செட்காரரிடம் போனாள்.

"ஏனுங்க, பாட்டக் கொஞ்சம் நிறுத்துங்க. எங்க வண்டி ஓடுது, ஊரே கேக்கோணும்."

பாட்டு நின்றது. இன்ஜின் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. கோயிலில் நின்றிருந்த கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது, பெரியப்பாவும்தான்.

"ஏறுங்கண்ணா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றார் அப்பா.

பெரியப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஊரைச் சுற்றிய லாரிக்குப் பின்னால் நாங்கள் கத்திக்கொண்டே ஓடினோம்.

"அக்கா, பாட்டு போடட்டுமா?" என்றான் காரில் என் பக்கத்து சீட்டில் இருந்த தம்பி.

"நாமக்கல் வரைக்கும் வேண்டாஞ்சாமி" என்று சொல்லிக் கியரை மாற்றினேன்.