தரைப் பேரிக்காய்

நாங்கள் வெளிநாட்டில் குடியேறிய கிளென் ஈடனில், எங்கள் பக்கத்து வீட்டில் தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான். அவள் மகனும் என் ஆறு வயது மகளும் ஒரே வகுப்பு. நான் மருத்துவமனை வேலை முடிந்து வரும்வரை மகள் அங்கேதான் இருப்பாள்.

ஒரு நாள் சாம்பார் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தேன். மகள் தட்டைப் பார்த்து, "க்ரும்பேர" என்றாள்.

"என்னது?"

"பொட்டேடோ, அம்மா."

உருளைக்கிழங்கு என்று அவளைச் சொல்லவைக்க நான் படாத பாடில்லை. "டூ லாங்" என்று நழுவிவிடுவாள். இதை மட்டும் தொண்டைக்குள் உருட்டி அழகாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஒரு வார்த்தைதானே, விடு" என்றார் கணவர்.

"அந்த ஒரு வார்த்தையத் தமிழ்ல சொல்லட்டுமே."

மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் குரலில் கொஞ்சம் விசாரணை இருந்திருக்கும்.

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். கிழங்கு புதிதாக வந்தபோது அவள் ஊர்க்காரர்களுக்கு அது தரையில் விளைந்த பேரிக்காய் மாதிரித் தெரிந்ததாம். 'க்ருண்ட்' என்றால் தரை, 'பிர்ன' என்றால் பேரிக்காய். இரண்டும் சேர்ந்து வாய்வழியே தேய்ந்து க்ரும்பேர ஆனது. புத்தக ஜெர்மனில் அதற்குக் கார்டோஃபல் என்று பெயர். "வடக்கே போய் நான் இப்படிச் சொன்னா சிரிப்பாங்க" என்றாள்.

மகள் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"உங்க பையன் அப்படித்தான் சொல்வானா?" என்றேன்.

அவள் கை நின்றது. "மாட்டான். நான் எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்லதான் பதில். உங்க பொண்ணு சொல்றப்பதான் அந்தச் சொல் என் காதுல விழுது."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. வெட்கம் பிறகுதான் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மகளிடம், "உருளுற கிழங்குன்னுதான் நாம அப்படிச் சொல்றோம்" என்றேன். யோசித்துவிட்டு, "ஒன்லி உருளை, ஓகே?" என்றாள். சரி என்றேன், ஊரிலும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

அடுத்த வாரம் வெங்காயத்துக்கும் ஒரு ஜெர்மன் சொல்லோடு வந்து நின்றாள். மறுபடியும் எரிந்தது.