முன்னால் போகிற அக்கா

நாற்காலி வலப்பக்கம் சாய்ந்தால் கணினி ஆட்டத்தில் அக்கா ஒரு மூலையைத் திரும்புகிறாள் என்று பொருள். திரைக்குள் இருக்கும் சிப்பாய் சாய்வதற்குத் தனியாக ஒரு விசை இருக்கிறது. அதைத் தட்டினாலே போதும். அக்காவின் உடம்புக்கு அது போதாது. தோளும் கழுத்தும் கூடவே சாய வேண்டும், மூச்சும் நிற்க வேண்டும். நாற்காலியின் ஒரு சக்கரம் இந்தச் சாய்விலேயே தேய்ந்து போனது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் இது தொடங்கிவிடும். அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். "என்ன, பார்டர்ல நிலவரம் எப்படி?"

"பேசாம இருங்க. கதவுக்குப் பின்னாடி ஆள் இருக்கான்."

"இருபது வருஷமா அவனேதானே நிக்கிறான்? கால் வலிக்காதா அவனுக்கு?"

"ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல நிக்கிறான்ங்க. அதான் விஷயமே."

மற்ற நாட்களில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவரின் மூக்கில் பிரேமை வைத்து, இரண்டு காதும் ஒரே உயரமா என்று பார்த்து, காதுக் கம்பியைச் சூடுகாட்டி வளைப்பாள். "குனிங்க. நிமிருங்க. தலைய ஆட்டுங்க. விழுதா? விழல. அப்ப சரி." எது நமக்கு எடுப்பாக இருக்கிறது என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அவளே முடிவு செய்துவிடுவாள். "அந்தக் கறுப்பு வேணாம். உங்க முகத்துக்கு இதுதான்." பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருந்து தொலைக்கும். அவளோடு வாழ்கிறவர்களுக்கு அதுதான் தொல்லை.

முன் வைத்த காலைப் பின் வைக்காதவள் என்பார்களே, அவளுடைய விசைப்பலகையே அதற்குச் சாட்சி. முன்னால் நடக்கும் விசையில் எழுத்து அழிந்து வழுவழுவென்று கிடக்கிறது. பின்னால் நகரும் விசை நேற்று வாங்கியதுபோல் இருக்கிறது.

அந்த ஆட்டத்தை இன்று பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிப்பாய்களுக்கு விரல்களே கிடையாது, கைக்கு ஒரு கட்டைதான். மரம் என்பது குறுக்கே செருகிய இரண்டு அட்டை. புதுக் கணினியில் அதைத் திறக்கவே தாஜா செய்ய வேண்டும். திறந்தாலும் திரையின் நடுவில் சதுரமாக உட்கார்ந்துகொள்ளும், இரண்டு பக்கமும் இருட்டு. பக்கத்து அறையில் துப்பாக்கி வெடித்தாலும் சில எதிரிகள் சுவரைப் பார்த்தபடி நிற்பார்கள். கணினியே ஓட்டுகிற கூட்டாளிகள் இருக்கிறார்களே, அவர்கள் இன்னும் மோசம். ஒரே வாசலில் இரண்டு பேர் நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். "கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி" என்று அக்காவே திட்டுவாள்.

ஆனாலும் அதை விடுவதாயில்லை. பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் புது ஆட்டம் ஒன்று வாங்கித் தந்தார். புல் அசைந்தது, மழையில் துப்பாக்கி பளபளத்தது. இரண்டு வாரம் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "அழகா இருக்குங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா செத்தவன் உடனே எந்திரிச்சு ஓடி வர்றான். அப்புறம் எதுக்கு நான் பயப்படணும்?" பழையதில் ஒரே குண்டுதான், ஆள் காலி. செத்தவன் ஆட்டம் முடியும்வரை கூட்டாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. உத்தரவுகூடப் போட முடியாது. அதனால் முதலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வாசல், யார் முன்னால், யார் பின்னால் என்று யோசிக்க வேண்டும். பிறகு காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பயம் மட்டும் இன்றைக்கும் பழசாகவில்லை.

இந்த ஆட்டத்தை அவளுக்குக் காட்டியவன் தம்பி. அப்போது வீட்டில் ஒரே கணினி. விசைப்பலகை அக்காவிடம், மவுஸ் தம்பியிடம். அவள் நடப்பாள், அவன் சுடுவான். "சண்டை முடிஞ்சா சொல்லுங்க, சோறு ஆறுது" என்று அப்பா அடுக்களையிலிருந்து கத்துவார். பிறகு தம்பி வெளியூரில் ஏசி மெக்கானிக் ஆனான். இருவருக்கும் தனித்தனிக் கணினி வந்தது. சனிக்கிழமை சந்திப்பு நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போனைச் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆட்டம் பாதி, ஊர்வம்பு பாதி.

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், காத்திருக்க நேரமில்லை என்றார் டாக்டர். தம்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அக்கா அவனைக் கேட்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டாள். அப்பா திரும்பக் கண் விழிக்கவில்லை. பையும் கையுமாக வந்து சேர்ந்த தம்பி, ஆட்கள் போய்வரும் நடையில் நின்றே கேட்டான்: "ஒரு போன் போட உனக்கு நேரமில்லையா? எப்பவும் நீதான் முன்னாடி. நான் பின்னாடி நிக்கிற ஆளு, இல்ல?"

அதோடு பேச்சு நின்றது.

தான் ஆடாவிட்டாலும் தசை ஆடுமே! காரியம் முடிந்து சில வாரம் கழித்து அக்கா ஆட்டத்தைத் திறந்தால், உள்ளே தம்பியின் பெயர். போன் வரவில்லை. அவளும் போடவில்லை. ஆட்டத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உத்தரவு உண்டு. தட்டினால் ஒரு சிப்பாய் கரகரத்த குரலில் சொல்வான். 'என் பின்னால் வா' என்பதைத் தட்டினாள். தம்பி வந்தான். அன்றிலிருந்து வாரா வாரம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதெல்லாம் அந்தச் சிப்பாயின் குரலில்தான். நில், வா, காவல் இரு, வழி சுத்தம். வாசலில் நுழைந்து முதலில் சாகிறவள் அக்கா. பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு தம்பியின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"நீயே ஒரு போன் பண்ணா என்ன, கிரீடம் எறங்கிடுமா?" என்பார் வீட்டுக்காரர்.

"நான் செஞ்சதுல தப்பில்லைங்க."

"தப்புன்னு யாரு சொன்னா? அவனைக் கேக்கலன்னுதானே சொல்றான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.

போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை தம்பி ஆட்டத்துக்கு வரவில்லை. அக்கா வெகுநேரம் தனியாகக் காத்திருந்தாள். அப்புறம் ஆடாமலே எழுந்து வந்து, ஏற்கெனவே மடித்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். இந்த ஒரு நூலும் அறுந்துவிட்டது என்று அவளுக்குப் பயம். அந்த வாரம் கடையில் யாருக்கும் பிரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. "உங்களுக்கு எது புடிச்சிருக்கு, சொல்லுங்க" என்றாளாம். முதலாளியே உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

போன வாரம் தம்பி வந்தான். அன்றைய களம் துறைமுகக் கிடங்கு, பச்சை இரும்புக் கதவு. வழக்கம்போல் அக்காவின் சிப்பாய் கதவை ஒட்டி நின்றான், தம்பியின் சிப்பாய் பின்னால். அக்காவின் விரல் முன்னால் போகும் விசைமேல் இருந்தது. பிறகு கீழே இறங்கி, அந்தப் புத்தம்புது விசையை அழுத்தியது. அவள் சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். ஓர் உத்தரவு எண்ணைத் தட்டினாள். 'நீ முன்னால் போ' என்றது கரகரத்த குரல்.

தம்பியின் சிப்பாய் நகரவில்லை. அவள் மறுபடி தட்டினாள்.

அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். வலது மூலையிலிருந்து ஒரே வெடி. ஆள் விழுந்தான். அக்கா இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கூட்டின்மேல் சாய்ந்திருந்த போன் அடித்தது.

"என்னக்கா நீ! பின்னாடி நிக்கிறவங்கதான் வலது பக்கம் பாக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியலடா. நான் எப்ப பின்னாடி நின்னேன்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, சொல்றேன், கேளு" என்றான் தம்பி.

அக்கா விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சிப்பாய் திறந்த கதவுக்கு நேரே, மறைவில்லாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தான்.