நீலக் கறை போகாத டப்பா

எங்கள் வீட்டில் ஒரு டப்பாவில் மட்டும் சோறு வைக்க அம்மா இன்றுவரை சம்மதித்ததில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக், அடியில் நீலக் கறை. சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் அசையாத கறை. அதில்தான் மாட்டுங்காவிலிருந்த ஒரு டாக்டரம்மாவுக்கு ஆட்டுக்குடல் கொண்டுபோனேன். அவரோ சுத்த சைவம்.

நான் எண்டோஸ்கோப்பிக் கருவிகள் விற்கும் ரெப். குடலின் உட்தோலில் கட்டி படர்ந்திருந்தால், உள்ளே விட்ட கேமராக் குழாய்வழியே நீளமான ஊசியை அனுப்பி, தோலுக்கு அடியில் நீலம் கலந்த உப்புநீரை ஏற்றுவார்கள். அந்த இடம் கொப்புளம்போல் எழும்பும். பிறகு அறுத்தால் குடல்சுவர் ஓட்டையாகாது. அந்த ஊசிதான் என் சரக்கு. இந்தத் தொழிலில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆர்டர் என்றால் பின்னால் ஒரு செட்டிங் இருக்கும். ஒருவருக்குக் கோவா டிக்கெட், இன்னொருவருக்கு மச்சினன் பெயரில் கவர். டாக்டரம்மா என் கையால் ஒரு காப்பிகூட வாங்கிக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவர்மேல் சந்தேகம் அதிகம். பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "நாளைக்கு வரச்சே, ஊசிப் பெட்டியோட கொஞ்சம் ஆட்டுக்குடலும் வாங்கிண்டு வாங்கோ."

தாராவி திரும்பும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது. யாருக்கு, எதற்கு? அப்பாவிடம் சொன்னேன். தோல் பட்டறையில் ஆயுசைக் கழித்த மனுஷன், சிரித்தேவிட்டார். "ஏலே, எதுக்கெடுத்தாலும் சந்தேகமா? கேட்டா வாங்கிக் குடுத்துட்டு வால."

மறுநாள் டாக்டரம்மா இரண்டு மாஸ்க் மாட்டிக்கொண்டு, டப்பாவுக்குள்ளேயே குடலை விரித்து ஊசியை ஏற்றினார். நீலக் கொப்புளம் அழகாக எழுந்தது. ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். அப்புறம் ஊசிக்குழாயை வளையமாகச் சுருட்டிப் பிடித்துக் கைப்பிடியை இழுத்தார். உறைக்குள் போக வேண்டிய ஊசிமுனை வெளியிலேயே நின்றது; வயிற்றுக்குள் இப்படி நின்றால் குடலைக் கிழித்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த இன்னொன்றும் அப்படியே.

"நேரா வெச்சுண்டா எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. மனுஷா குடல் நேராவா இருக்கு?" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்க் கம்பெனியோடு இந்த அம்மாவுக்குச் செட்டிங், என்னை விரட்ட நாடகம் போடுகிறார் என்றே நம்பினேன். கம்பெனி அந்த லாட்டில் செய்த ஊசிகளை மொத்தமாகத் திரும்ப எடுத்து, ஊசியைத் திருத்தி அனுப்பியபோதும், அவர் அதை வாங்கியபோதும் என் எண்ணம் மாறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போனது. பெருங்குடலில் பட்டையான கட்டி. ஊசி போட்டுச் சுத்தமாக அறுத்தெடுத்தால் நடந்தே வீட்டுக்கு வரலாம். சுவர் கிழிந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், அவர் இதயம் அதைத் தாங்காது என்றார்கள். காசே வாங்காமல் செய்துதரக்கூடிய டாக்டர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களில் யாருக்கு என்ன கொடுத்தேன் என்பது எனக்குத்தானே தெரியும்! யோசிக்கவே இல்லை, அப்பாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

உள்ளே அப்பாவைப் படுக்கவைத்துவிட்டு, பிரிக்காத பாக்கெட்டோடு அவர் வாசலுக்கு வந்தார். என் கம்பெனி ஊசி.

"புது லாட். பிரிக்கட்டுமா?"

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை ஆஸ்பத்திரியில் இதே பாக்கெட்டை நம்பர் ஒன் சரக்கு என்று நீட்டியிருக்கிறேன்!

"வளைச்சுப் பாத்தீங்களா மேடம்?"

"இதே பெட்டியில ஒண்ணை எடுத்துக் காத்தாலயே பாத்தாச்சு. நீங்க கேக்கறேளான்னுதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா நடந்தே வீடு வந்து சேர்ந்தார். டாக்டரம்மா ஓய்வுபெற்றுச் செம்பூரில் மகளோடு இருக்கிறார். நான் இன்னும் அதே ரெப்தான். ஆனால் புது லாட் வந்தால் முதலில் கறிக்கடைக்குப் போகிறேன், அந்த டப்பாவோடு. ஆபீஸில் இது எப்படியோ கசிந்துவிட்டது. போன வாரம் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஹிந்தியில் கேட்டார்: "உண்மையைச் சொல், அந்த டப்பாவில் எந்த டாக்டருக்கு என்ன போகிறது?"

மூடியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன். காலையில் வாங்கிய குடல்.