சுரீர் சாஸும் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரமும்

காரம் விற்கிற தொழிலில் வாய் எரிவது வாங்குகிறவருக்கு. காது எரிவது போன் எடுக்கிறவருக்கு.

மின்சார ஆபீஸ், பேங்க், கேஸ் ஏஜென்சி என்று அங்கங்கே ஊரார் திட்டை வாங்கிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோம்பைக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் ஓரத்தில் ‘சுரீர்’ மிளகாய் சாஸ் கம்பெனி இருக்கிறது. அங்கே நான் மக்கள் தொடர்பு அதிகாரி. அதாவது, நெடி தாங்காமல் மக்கள் தொடர்புகொள்ளும்போது போனை எடுத்து, பேரையும் நேரத்தையும் புகார் நோட்டில் எழுதுகிறவள். நான் சேர்ந்தது கம்ப்யூட்டரில் பில் போடத்தான். உள்ளூர் மருமகள் என்று தெரிந்ததும், “உங்களத் திட்ட ஊருக்காரக யோசிப்பாக” என்று முதலாளி இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். இதுவரை யாரும் யோசிக்கவில்லை.

பத்து மணி போன்

தினமும் காலை பத்து மணிக்கு ராசுப் பெரியப்பா கூப்பிடுவார். திராட்சைத் தோட்டக்காரர், என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. பேர் சொல்ல மாட்டார், இருமுவார். அந்த இருமலை வைத்தே நான் பேரை எழுதிவிடுவேன். ஆடி மாதம் மலையிலிருந்து இறங்குகிற காற்று அம்மியையே தூக்கும். வினிகரில் வேகிற மிளகாயின் ஆவியைத் தூக்குவதா அதற்குக் கஷ்டம்?

கண் எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது, கம்பெனியை இழுத்து மூடச் சொல் என்று ஒரு பாட்டம் திட்டி முடித்துக் குரலை இறக்குவார். சாயங்காலம் வரும்போது பெரிய பாட்டில் ஒன்று எடுத்து வர வேண்டும். அது இல்லாமல் பழைய சோறு இறங்கவில்லையாம். ஒருநாள் பொறுக்காமல், “மூடவும் சொல்றீக, பாட்டிலும் கேக்குறீகளே பெரியப்பா” என்றேன். மனிதர் அசரவில்லை.

“நெடி வேணாம்னுதான சொன்னேன். சாஸு வேணாம்னு எப்பத்தா சொன்னேன்?”

ஊதுபத்தி வைத்தியம்

முதலாளியைப் பொறுத்தவரை அது நெடியே இல்லை, செலவில்லாத விளம்பரம். ஆனாலும் போன்கள் கூடியதும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். புகைபோக்கியின் அடியில் கட்டுக்கட்டாக மல்லிகை ஊதுபத்தியும் கூடவே சாம்பிராணியும் கொளுத்தச் சொன்னார். காற்று அதையும் சேர்த்து ஊருக்குள் கொண்டுபோனது. அன்றைக்கு முதல் போன் தையல் கடை பெருமாயி அக்காவிடமிருந்து வந்தது. அக்கா கோபமே படவில்லை, பரிவோடு விசாரித்தார்.

“சாவு வீட்டுல மொளகா வத்தல் வறுத்த மாதிரி இருக்கு ஈசு. செத்தது யாருன்னு சொல்லிட்டா, ஒரு மாலையோட வந்துருவேன்.”

காவலுக்கு வந்தவர்

புகார் சொல்ல நேரிலேயே ஆட்கள் வர ஆரம்பித்ததும், கேட்டில் கட்ட முதலாளி ஒரு கோம்பை நாய் வாங்கினார். வந்த வாரம் எங்களையே உள்ளே விடவில்லை. ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டது. லாரி டிரைவர், சீட்டுப் போட வந்தவர், வழி தெரியாமல் வந்தவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாலை ஆட்டியது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார் முதலாளி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புகாரை நான் சொல்லி இன்னொருவர் கேட்டார். அந்தச் சுகத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் நேரிலேயே வந்தார். தான் வளர்த்த நாய் தன்னையே மோந்து பார்த்தும் அடையாளம் தெரியாமல் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்.

“நாய்க்கு மூக்குதான்யா கண்ணு. அதுல மொளகாத் தண்ணிய ஊத்திப்புட்டு நாய் சரியில்லைன்னா எப்படி?”

திருஷ்டி இடைவேளை

என் மகள் கயலுக்கு ஆறு வயது. ஆடி பிறந்ததிலிருந்து விடாமல் இருமினாள். பிள்ளைக்குக் கண் பட்டிருக்கிறது என்று என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். உங்களுக்குத் தெரியும், நெடி ஏறினால் பயமில்லை. மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை என்றால்தான் கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. எங்கள் ஊரில் அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும்? அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம்.

அத்தை நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். எதற்கும் இறங்காத முதலாளி திருஷ்டி என்றதும் இறங்கினார். செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை மிளகாய் வேகிற பாய்லர் நிற்கும் என்று ஏற்பாடானது. அத்தை கேட்ட கேள்வி அப்படி.

“கம்பெனி நெடி எது, கண்ணு நெடி எதுன்னு தெரியாம, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்னய்யா செய்ய?”

முதல் கையெழுத்து

இடைவேளையில் சுற்றிப் போட்டும் இருமல் நிற்கவில்லை. கம்பத்தில் டாக்டரிடம் காட்டினேன். மருந்து எழுதிவிட்டு, “மருந்து பாதிதான்மா, நல்ல காத்து வேணும்” என்றார். கயல் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த அன்று, யாரும் போன் செய்யாமலே நோட்டில் ஒரு புகார் எழுதினேன். பேர் என்ற இடத்தில் என் பேரையே போட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்றால், வீட்டுக்காரர் குமுளிக்கு ஓட்டுகிற ஜீப் சீசனுக்குத்தான் ஓடும். வருஷம் பூராவும் அடுப்பு எரிவது என் வேலையால்தான். பிள்ளையின் மூச்சை விற்றுப் பிள்ளைக்குச் சோறு போடுகிறேனோ என்று அழுகையாக வந்தது.

கலெக்டர் ஆபீசில் கொடுக்க ஊர் ஒரு மனு எழுதியது. முதல் கையெழுத்து என் அத்தையுடையது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

“நீ உன் வேலையப் பாருத்தா, நான் என் வேலையப் பாக்குறேன். பேனா மட்டும் உன் பையில எடுத்தது, கோவிச்சுக்காத.”

அதிகாரி வந்த செவ்வாய்க்கிழமை

மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. “ஆறு மணிக்கு வந்தீகன்னா ஊரு பூரா வீட்டுல இருக்கும் சார்” என்று முதலாளி செவ்வாய்க்கிழமைக்கு வரவழைத்துவிட்டார். பாய்லர் நிற்கிற நேரம், நெடி இருக்காது என்பது அவர் கணக்கு. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஊர்ப் பெண்கள் மிளகாயோடு காத்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டார். அதிகாரி தெருவில் கால் வைத்ததும் வீட்டுக்கு வீடு மிளகாய் அடுப்பில் விழுந்தது. அவர் இருமிய இருமலில் கண்ணாடி கீழே விழுந்தது. முதலாளி ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு சந்தோஷமாகச் சொன்னார், “பாத்தீகளா சார், நம்ம பாய்லர் நிக்குது. நெடி இவுக அடுப்புல இருந்துதான் வருது.”

அதிகாரி அதையே எழுதப் போனார். எனக்குக் கோபம் வந்தது. கயலின் இருமலுக்கு அத்தையின் அடுப்பைக் குற்றவாளியாக்கிய கோபம். ஆபீசுக்குப் போய்ப் புகார் நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் சுரீர் சாஸே தோற்றது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நின்றார். “புகார் சொன்னதும் ஈஸ்வரி, எழுதினதும் ஈஸ்வரி. நீங்க எந்த ஈஸ்வரிம்மா?” என்றார். ரெண்டும் நான்தான் சார் என்றேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றேன். அப்ப எல்லா வீட்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும்ல?”

பாய்லருக்கு மூக்குத்துணி

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்தபோது அடுப்புகள் அணைந்திருந்தன, பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. ராசுப் பெரியப்பா போன் செலவில்லாமல் நேரிலேயே இருமிக் காட்டினார். புகைபோக்கிக்கு, நெடியைத் தண்ணீரில் கழுவி விடுகிற வடிகட்டி மாட்டிய பிறகுதான் மிளகாய் வேக வேண்டும் என்று உத்தரவானது. வடிகட்டி வரும்வரை கம்பெனி மூடிக்கிடந்தது, நான் வேலை போன கணக்கிலேயே வீட்டில் இருந்தேன். திறந்த அன்று முதலாளி கூப்பிட்டனுப்பினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று போனால், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“உங்கள நிறுத்தினா அதுக்கும் ஊரு மனு எழுதும். முதல் கையெழுத்து உங்க அத்தைதான் போடுவாக.”

மறுபடியும் பத்து மணி

இப்போது கயல் பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் ஓடுகிறாள், ஓடியும் இருமவில்லை. பார்த்துக்கொண்டே நின்றால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஆபீசில் போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. கம்பெனி திறந்த நாலாம் நாள் பத்து மணிக்கு அடித்தது. எடுத்தேன், இருமல் இல்லை. அதனால் யாரென்றே தெரியவில்லை. குரல் தாழ்ந்து வந்தது, கவலையோடு.

“ஏத்தா, மூணு நாளா நெடியே வரலையே. கம்பெனிக்கு யாரோ கண்ணு வச்சுட்டாக போல. மொதலாளியச் சுத்திப் போடச் சொல்லு.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் உலை வாயை மூடியதே அந்த ஊர் வாய்தான் என்பதால், நான் மறுபேச்சு பேசாமல் நோட்டைத் திறந்து, ‘புகார்: நெடி வரவில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.